பூனைதானே, தானா வரும்!

மஞ்சள் விலை பத்தி எழுதச் சொல்லிக் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இந்த வாரம் பூனை பத்தி எழுதப் போறேன். நாப்பது வருசமா மாடு, ஆடு, கோழின்னு கட்டி மேய்ச்சவன் ஒரு பூனைக்காக நாலு ராத்திரி தூங்காம டார்ச் லைட்டோட சுத்தினேன்னா ஊருக்குள்ள சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு மேல எனக்கு இருக்கற கோபமும் இந்த எழுத்துக்கு ஒரு காரணம்.

பொங்கல் நோம்பிக்கு மகள் குடும்பம் சென்னையில இருந்து வந்திருந்தாங்க. கூடவே பேத்தியோட பூனையும் வந்தது. பேரு பட்டன். மூணு வயசு ஆச்சு, குட்டியில இருந்தே நாலாவது மாடி வீட்டுக்குள்ளயே வளர்ந்தது. அதோட காலு மண்ணை மிதிச்சதே கிடையாது. வந்த உடனே மகள் அதை உள் அறையில விட்டுக் கதவைச் சாத்திட்டா. நான்தான் பெரிய மனுசனாட்ட, "பூனையப் போயி யாராச்சும் ரூம்புல பூட்டி வெப்பாங்களா கண்ணு, இங்க வந்தாவது மண்ணு மிதிக்கட்டும்"னு சொன்னேன். சொன்னதோட நிக்காம, பட்டிப் பொங்கல் அன்னைக்குப் பொழுதோட அந்த அறையில இருந்த சாம்பிராணிக் கரண்டியை எடுக்கப் போனவன் கதவைச் சரியாச் சாத்தல. கட்டுத்தறியில பசங்க தட்டு அடிச்சுச் சத்தம் போட்ட நேரம் அது. பின்கதவும் திறந்தே கிடந்தது. சாம்பல் நிறத்துல ஏதோ ஒண்ணு காலுக்கிட்ட ஓடினதை வூட்டுக்காரம்மா பார்த்திருக்கா. பெருச்சாளின்னு நினைச்சுட்டா.

பூனை இல்லைன்னு தெரியறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லணும். மாப்பிள்ளை பைக்கை எடுத்துட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். பக்கத்து வீட்டுப் பசங்க ஆறு பேரு வாய்க்கால் பக்கம் ஓடினாங்க. நான் மெயின் ரோட்டுக்குப் போனேன். எல்லார் வாயிலயும் "பட்டன், பட்டன்"னு கூச்சல். நாய்களும் கூடவே குரைச்சுக்கிட்டு வந்ததுங்க. ஒரு திருடனைப் பிடிக்கப் போறதுக்குக்கூட அவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டோம்.

மறுநாளும் அதே கதைதான். அன்னைக்கு ஒரு பையன், கோயில் பக்கத்துல இருந்த சாம்பல் நிறப் பூனையைப் பார்த்துட்டு இதுதான்னு வெறும் கையில பிடிச்சுட்டான். அது ஊர்ப்பூனை, கட்டைவிரல்ல ஆழமாக் கடிச்சிருச்சு. குழாயடியில நிக்க வெச்சு, சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் ஓடற தண்ணியில கழுவ விட்டு, அப்படியே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வெறிநோய் நாய்கிட்ட இருந்து மட்டும்தான் வரும்னு இன்னமும் நம்பறவங்க நம்மூர்ல நிறைய பேர். பூனை கடிச்சாலும் ஊசி போடணும். அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28-வது நாள்னு கணக்கு. அவங்க அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. "பூனைக்காக என் பையன் கை போச்சுங்க மாமா"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க.

இதுக்கு நடுவுல ஊர்ல எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, "பூனைதானுங்களே, தானா வரும்."

இந்த வார்த்தை பாதி உண்மை. நம்ம வீட்டுப் பூனைங்க அப்படித்தான். கடுவன் பூனை ஜோடி தேடிப் போனா நாலஞ்சு நாள் கழிச்சுக் காதைக் கிழிச்சுக்கிட்டு வந்து பால் கேக்கும். அதுக்கு இந்த ஊரோட ஒவ்வொரு சந்தும், ஒவ்வொரு நாயோட வாசனையும் தெரியும். வீட்டுக்குள்ளயே வளர்ந்த பூனைக்கு அப்படியில்லை. அதுக்கு ஊரும் தெரியாது, வந்து இறங்கி ரெண்டு நாளான இந்த வீடும் வீடு கிடையாது. அது வழி தேடி அலையற நிலைமையில இல்ல, பயந்து போய்ப் பக்கத்துல எங்கயோ ஒடுங்கிக் கிடக்குது. இந்த ரெண்டு பூனையையும் ஒண்ணா நினைக்கறதுதான் நாம பண்ற தப்பு.

மூணாம் நாள் வெடியால மகள் போன்ல எதையோ படிச்சுட்டு வந்து சொன்னா. காணாமப் போன பூனைகளைப் பத்தி 1,210 பேர்கிட்டக் கேட்டு ஒரு ஆய்வு பண்ணி, 2018-இல் 'அனிமல்ஸ்' என்கிற ஆய்விதழ்ல வெளியிட்டிருக்காங்க. அதுல கிடைச்ச பூனைகள்ல நூத்துக்கு எழுபத்தஞ்சு, தப்பிச்ச இடத்துல இருந்து 500 மீட்டருக்குள்ளயே கிடைச்சிருக்கு. வீட்டுக்குள்ளயே வளர்ற பூனைன்னா இன்னும் பக்கம், முக்கால்வாசி 137 மீட்டருக்குள்ள. கணக்குப் பார்த்தா 450 அடி. எங்க வீட்டுப் பின்கதவுல இருந்து ஊர் மேல்நிலைத் தொட்டிகூட அதைவிடத் தூரம். நாங்க ரெண்டு நாளா ரெண்டு கிலோமீட்டர் தள்ளித் தேடிட்டு இருந்திருக்கோம்!

அதே ஆய்வுல இன்னொண்ணும் இருந்தது. ஏழு நாளைக்குள்ள உயிரோட திரும்பக் கிடைச்சது நூத்துக்கு 34, ஒரு வருசம் வரைக்கும் எடுத்துக்கிட்டா 61. அதாவது தானா வரும்னு உக்காந்திருக்கவும் முடியாது, மூணு நாள் ஆச்சு செத்திருக்கும்னு கை விடவும் கூடாது. பேத்திக்கு நான் முதல் கணக்கை மட்டும் சொல்லல.

மகள் கேட்ட கேள்விதான் எனக்குச் சுருக்குன்னு பட்டது. "பக்கத்துலயே இருந்தா ஏம்ப்பா என் குரலுக்குக்கூட வர மாட்டேங்குது? மூணு வருசமா சோறு போட்டிருக்கேன்." இதுக்குப் பதில் எனக்குத் தெரியும், ஆனா அதுவரைக்கும் யோசிக்கல. ஆட்டுக்குட்டி தாயைப் பிரிஞ்சா கத்தும். கன்னுக்குட்டி கத்தும். அதுங்க கூட்டமா வாழற ஜாதி, கத்தினா கூட்டம் வரும். பூனை எலியைப் பிடிக்கற மிருகம் மட்டுமில்ல, தன்னைவிடப் பெருசு வந்தா தானே இரையாகிற மிருகமும்தான். பயந்துட்டா வாயைத் திறக்காது. திறந்தா இருக்கற இடம் தெரிஞ்சிரும். வேலி ஓரம் அடை உக்காந்த கோழியைப் பார்த்திருப்பீங்க, ரெண்டடி பக்கத்துல நாம நடந்தாலும் இறகு அசையாது. அதே மாதிரிதான். கூப்பிட்டா வராதது நன்றி கெட்டத்தனம் இல்ல.

அன்னைக்கு இருந்து தேடற முறையை மாத்தினோம். பசங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சு. ரெண்டு நாயையும் தோட்டத்துச் சாளைக்குக் கொண்டு போய்க் கட்டினேன். பேத்தி படுத்திருந்த போர்வையைத் துவைக்காம அப்படியே பின்கதவுப் படியில போட்டோம். பகல்ல தேடறதையும் நிறுத்தினோம். ஊர் அடங்கின பிறகு, பதினோரு மணிக்கு மேலதான் இறங்கினது. டார்ச்சை இடுப்புல பிடிச்சா பிரயோஜனம் இல்ல, நெத்திக்குப் பக்கத்துல, நம்ம கண்ணு மட்டத்துல பிடிக்கணும். பூனைக் கண்ணுக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அடிக்கும். மோட்டாருக்கு ராத்திரிக் காவல் போறவனுக்கு இது புதுசில்ல, வரப்புல முயலைப் பார்க்கறதும் இப்படித்தானே.

இன்னொரு வேலையும் இருந்தது. பங்காளி ஒருத்தரோட கடலைக் குடோன் எங்க சுவத்தை ஒட்டி இருக்கு. அவர் பெருச்சாளிக்கு ஜிங்க் பாஸ்பைடைக் கருவாட்டோட கலந்து வெச்சிருந்தார். வயலுக்குன்னா 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்துன்னு அளவு உண்டு, குடோனுக்கு யார் அளந்து போடறாங்க. வயித்துக்குள்ள போனதும் அங்க இருக்கற அமிலத்தோட சேர்ந்து விஷ வாயுவா மாறும், முறிக்கறதுக்கு மருந்து கிடையாது. மூணு நாள் பட்டினி கிடக்கற பூனைக்குக் கருவாட்டு வாசனை எப்படி இருக்கும்னு நினைச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. போய்க் கேட்டேன். "ஒரு பூனைக்காக என் கடலையை எலிக்குக் கொடுக்கச் சொல்றயா?"ன்னார். நியாயமான கேள்விதான். அவருக்கு அது மூட்டைக் கணக்கு. நானும் பதிலுக்குக் கொஞ்சம் சத்தம் போட்டேன், போட்டிருக்க வேண்டாம். மாடு காணாமப் போனா இதே மனுசன் சோறு தண்ணி இல்லாம ராத்திரி பூரா கூட வருவார், வந்திருக்கார். கடைசியில பேத்தி கூட நிக்கறதைப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம உள்ள போய் மருந்தை எல்லாம் பொறுக்கி டப்பாவுல போட்டு மூடினார்.

ஒரு பொருளோட விலையை வெச்சுத்தான் அதைத் தேடணுமா வேண்டாமான்னு நாம முடிவு பண்றோம். விவசாயத்துல அப்படிப் பழகிட்டோம், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடாத ஒரு எட்டு வயசுப் புள்ளை கிட்ட நின்னு, "வேற பூனை வாங்கிக்கலாம் சாமி"ன்னு பல்லைக் காட்டறது என்ன ஆறுதல்? அந்த வார்த்தையைச் சொன்ன நாலஞ்சு பேருல எங்க அண்ணனும் ஒருத்தர்.

நாலாம் ராத்திரி ஒண்ணரை மணி இருக்கும். கட்டுத்தறிக்குப் பின்னால, உடைஞ்சு போன கல்தொட்டி ஒண்ணு கவுந்து கிடக்குது. மேல தென்னமட்டைக் குவியல். அதை நாங்க பகல்ல ரெண்டு தடவை பார்த்துட்டோம், ஒரு பையன் குச்சிகூட விட்டுப் பார்த்தான். டார்ச்சைத் தரையோட தரையா வெச்சுப் படுத்து அடிச்சப்ப, தொட்டிக்கடியில ரெண்டு பச்சைப் பொட்டு மின்னுச்சு. பின்கதவுல இருந்து இருபத்திரண்டு எட்டு. மறுநாள் எண்ணிப் பார்த்தேன். நாலு நாளா நாங்க கத்தினது எல்லாம் அதுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு.

கை விட்டு இழுக்க எனக்குத் துடிச்சது. மகள் தடுத்துட்டா. பேத்தியை எழுப்பிக் கூட்டிட்டு வந்து, தொட்டிக்கு எட்டடி தள்ளி, பூனையைப் பார்க்காம முதுகைக் காட்டி உக்கார வெச்சா. பக்கத்துல அந்தப் போர்வை, கிண்ணத்துல அது எப்பவும் திங்கற தீனி. நேருக்கு நேர் முறைச்சுப் பார்த்தாலே பயந்த பூனைக்கு அது சண்டைக்குக் கூப்பிடற மாதிரியாம். நாங்க ரெண்டு பேரும் கட்டுத்தறிக்குள்ள மாட்டோட மாடா நின்னோம். புள்ளை மெதுவா, தனக்குத்தானே பேசற மாதிரி பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிட்டே இருந்தா. மார்கழிப் பனி இன்னும் விடல, எனக்குக் காலு மரத்துப் போச்சு. முக்கால் மணி நேரம் ஆச்சு. முதல்ல தலை, அப்புறம் முன்கால், திரும்ப உள்ள போயிருச்சு. ரெண்டாவது தடவை வந்து கிண்ணத்துல வாய் வெச்சது. அப்புறம் போர்வையில ஏறி உக்காந்துருச்சு. பேத்தி போர்வையோட சுருட்டித் தூக்கினா. அழுகறாளான்னு இருட்டுல தெரியல.

காலையிலேயே கால்நடை மருத்துவர்கிட்டக் காட்டினோம். நாளு கணக்காப் பட்டினி கிடந்தா பூனைக்குக் கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்துரும், அதனால கிடைச்சிருச்சுன்னு அப்படியே விட்டுறக் கூடாதுன்னு மகள் பிடிவாதமா நின்னா. இளைச்சிருந்தது, வேற ஒண்ணும் இல்ல.

ஊருக்குப் பூனையோட வர்ற ஒறம்பரைக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். பெட்டியோட வாங்க, வந்ததும் ஒரே அறையில போட்டுச் சாத்துங்க, பெட்டியையும் அங்கயே திறந்து வைங்க. என்னை மாதிரிப் பெருசு யாராச்சும் "மண்ணு மிதிக்கட்டும்"னு சொன்னா காதுல வாங்காதீங்க. அறைச் சாவியை இடுப்புல சொருகிக்கங்க.

பையனுக்கு மூணாவது ஊசி போட நானே கூட்டிட்டுப் போனேன். அவங்க அம்மா காப்பி கொடுத்தாங்க, பேச்சு கொஞ்சம் சகஜமாயிருக்கு.

அவங்க சென்னை போய் பத்து நாள் இருக்கும். பங்காளி வேலி ஓரமா நின்னு கூப்பிட்டார். "ஏப்பா, அந்தப் பூனை கிடைச்சுதா இல்லையா? மருந்தை எடுத்து வெச்சவன் வெச்சபடியே இருக்கேன், நீ ஒண்ணும் சொல்லவே காணோம்." சொல்ல மறந்துட்டேன். இத்தனை நாள் பெருச்சாளி அவர் குடோன்ல அரை மூட்டைக் கடலையைக் காலி பண்ணியிருக்கு. எங்க காட்டுல கடலை பிடுங்க இன்னும் ஒரு மாசம் ஆகும், பிடுங்கினதும் முதல் அரை மூட்டை அவருக்குத்தான்.