பத்து வயதில் எதற்கு முத்திரை?

இப்போது நம் ஊரில் கிரிக்கெட் கோச்சிங் கேம்ப் இல்லாத பேட்டை கிடையாது. பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் உள்ள காலி இடம், மொட்டை மாடி என்று எங்கு பார்த்தாலும் வலை கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடியாடி விளையாடினால் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் சேர்க்கும்போதே ஒரு கேள்வி கேட்கிறார்களே, அதோடுதான் எனக்குச் சண்டை. பையன் பேட்ஸ்மேனா, பௌலரா, கீப்பரா?

என் பேரனுக்கு வயது 10. சாயங்காலம் தோசையா இட்லியா என்று கேட்டாலே மூன்று தடவை மாற்றிச் சொல்வான். அவன் எதை என்று சொல்வான்? அவனுக்காக அப்பாதான் பதில் சொல்கிறார். பெரும்பாலும் "பேட்ஸ்மேன்" என்றுதான்.

அந்த ஒரு வார்த்தையோடு பையனின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. பேட்ஸ்மேன் என்று பெயர் வாங்கியவன் பந்தைக் கையால் தொடுவதே இல்லை. பௌலர் என்று பெயர் வாங்கியவன் இரண்டு மணி நேரம் மற்றவனுக்குப் பந்து போட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் பத்து பந்து அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்!

15, 16 வயது வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வேலைக்கு எழுதி வைக்கக் கூடாது. இதுதான் என் கட்சி.

முதல் காரணம் உடம்பு. 12 வயதில் குள்ளமாக இருப்பவனை "நீ ஸ்பின் போடு" என்கிறார்கள். நெட்டையாக இருப்பவனை வேகப்பந்து போடச் சொல்கிறார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் குள்ளன் ஆறடியை நெருங்கியிருப்பான், நெட்டை அப்படியே நின்றிருப்பான். வளர்ந்து முடியாத உடம்பைப் பார்த்துத் தொழிலை முடிவு செய்வது என்ன நியாயம்? அதிலும் வேகப்பந்து என்று முத்திரை குத்திய சிறுவனைத் தினமும் போட வைத்தால், வளரும் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழும் ஆபத்து உண்டு. இதற்காகவே இங்கிலாந்து வாரியம் வயது வாரியாக இத்தனை ஓவர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறது.

இரண்டாவது காரணம், நாம் கண்ணால் பார்த்த ஆட்டக்காரர்கள். நம்ம அஷ்வின் சின்ன வயதில் ஓபனிங் பேட்ஸ்மேன். ஆஃப் ஸ்பின் பிறகு வந்ததுதான். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதர் 6 சதமும் அடித்தார். 2021இல் இங்கிலாந்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் ஒரே டெஸ்டில் 5 விக்கெட்டும் சதமும் எடுத்ததை மறக்க முடியுமா? வருண் சக்கரவர்த்தி பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். ஆட்டத்தை விட்டு ஆர்க்கிடெக்ட் படித்து, திரும்பி வந்து வேகப்பந்து போட்டு, முழங்காலில் அடிபட்ட பிறகுதான் ஸ்பின்னுக்கு வந்தார். பத்து வயதில் அவர் தலையில் குத்திய முத்திரையை நம்பியிருந்தால் இந்தியாவுக்கு அந்தப் பௌலர் கிடைத்திருப்பாரா?

ரவி சாஸ்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் வெலிங்டனில் இடதுகை ஸ்பின்னராக, 10ஆம் இடத்தில் ஆட வந்தவர். 1992இல் சிட்னியில் ஓபனிங் இறங்கி 206 அடித்தார். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 2010இல் முதல் டெஸ்ட் ஆடியபோது லெக் ஸ்பின் போடுகிறவர், 8ஆம் இடத்து பேட்ஸ்மேன்.

"அதெல்லாம் சரி சார், சச்சின் சின்ன வயதிலேயே பேட்டிங் என்று முடிவு செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனுக்கு அவர் வந்ததே வேகப்பந்து கற்றுக்கொள்ளத்தான். டென்னிஸ் லில்லி பேட்டிங்கில் கவனம் வை என்று அனுப்பினார். வைத்தார். ஆனால் பந்தைக் கீழே போட்டுவிடவில்லை. 1993 ஹீரோ கப் அரையிறுதியில் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவை. கபில்தேவ் இருந்தும் அசாருதீன் பந்தைக் கொடுத்தது யாரிடம்? சச்சினிடம். 3 ரன்தான் கொடுத்தார். சர்வதேச ஆட்டங்களில் மொத்தம் 201 விக்கெட்.

மூன்றாவது காரணம், இந்த முத்திரையால் நம் அணியே படும் பாடு. 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் 362 ரன்னும் அடித்தார், 15 விக்கெட்டும் எடுத்தார். ரெய்னா, சேவாக், சச்சின் எல்லாருமே கை கொடுக்கக் கூடியவர்கள். 2023இல் ஹர்திக் பாண்டியா காயத்தோடு வெளியேறியதும் நம்மிடம் ஐந்தே பௌலர்கள்தான். அகமதாபாத் இறுதியாட்டத்தில் நாம் 5 பேரைப் போட வைத்தோம், ஆஸ்திரேலியா 7 பேரைப் போட வைத்தது. ரோகித்தை அவுட்டாக்கியது மேக்ஸ்வெல்லின் ஆஃப் ஸ்பின். தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஐந்து பேட்ஸ்மேன்களில் ஒருவர்கூட நம்பிப் பந்து கொடுக்க முடியாதவர் என்றால், அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? பத்து வயதில், வலைக்குள்ளேதான்.

அந்தக் காலத்தில் வலையில் எல்லாரும் எல்லாருக்கும் பந்து போடுவோம். இப்போது பந்து எறிய ஒரு ஆள், அதற்கென்று ஒரு கருவி, இல்லாவிட்டால் பௌலிங் மெஷின். பேட்ஸ்மேன் ஏன் கை வலிக்கப் போட வேண்டும்? போதாக்குறைக்கு ஐ.பி.எல்.லில் 2023 முதல் இம்பாக்ட் பிளேயர் வேறு. இதனால் ஆல்ரவுண்டர்கள் வளராமல் போகிறார்கள் என்று ரோகித் சர்மாவே வெளிப்படையாகச் சொன்னார்.

போட்டி அதிகம், சீக்கிரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் செலக்ஷனில் தேறலாம் என்பது பெற்றோர் வாதம். 14 வயது அணியில் இடம் கிடைப்பதா பெரிது? பௌலிங் தெரியாத பேட்ஸ்மேன் இரண்டு ஆட்டம் சொதப்பினால் வெளியே உட்கார வேண்டியதுதான். இரண்டும் தெரிந்தவனுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும்.

பையனுக்கு ஒன்றில் நாட்டம் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் 15 வயது வரை எல்லாரும் பேட் செய்யட்டும், எல்லாரும் பந்து போடட்டும், முறை வைத்துக் கீப்பிங் நிற்கட்டும். பேட்டிங் வரிசையை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றுங்கள்.

பேரப்பிள்ளைகளைக் கேம்பில் கொண்டுபோய் விட்டு, மரத்தடியில் உட்கார்ந்திருப்பது நம் வயதுக்காரர்கள்தான். சும்மா உட்காராதீர்கள். இந்த வாரம் என் பேரன் எத்தனை ஓவர் போட்டான், எத்தனை ஓவர் அடித்தான் என்று கோச்சிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஃபீஸ் கட்டுகிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு.