பெரியவனுக்குத் தவணை, சிறியவனுக்கு அபராதமா?



ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டுகிறோம். வியாபாரமே இல்லாத மாதத்துக்கு நில் ரிட்டர்ன் தாமதமானாலும் 20 ரூபாய். தறிக்காரர் வாரக் கூலி வாங்கி நோட்டுக் கணக்கை அடைக்கும் வரை பொறுத்திருக்கும் குமாரபாளையத்து மளிகைக்காரருக்கு, அரசாங்கம் ஒரு நாள் கூடப் பொறுப்பதில்லை. சட்டம் சட்டம்தான், கட்டிவிடுகிறோம்.

ஆனால் யு.பி.ஐ.யில் நடந்ததைப் பாருங்கள். எந்த ஒரு தனியார் ஆப்பும் மொத்தப் பரிமாற்றத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று என்.பி.சி.ஐ. 2020 நவம்பரில் அறிவித்தது. ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டியவர்களுக்கு 2022 கடைசி வரை அவகாசம். பிறகு 2024 கடைசி. பிறகு 2026 கடைசி! போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து 80 சதவீதம் அளவுக்குப் பிடித்து வைத்திருக்கும்போது, ஒன்று வால்மார்ட்டினுடையது, மற்றது கூகுளுடையது என்னும்போது, இந்தத் தவணை யாருக்குக் கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

நமக்கு இதில் என்ன நஷ்டம், 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்குக் கமிஷன் கிடையாதே என்பார்கள் சிலர். உண்மைதான், இலவசம் நமக்கு லாபம். ஆனால் வருமானமே இல்லாத தொழிலில் பல ஆண்டு தாக்குப்பிடிப்பவன் மூட்டை மூட்டையாய்ப் பணம் வைத்திருப்பவன் மட்டுமே. சிறிய கம்பெனிகள் ஒதுங்கிவிட்ட பிறகு, மிஞ்சிய இருவர் சொல்வதுதான் விலை. பஞ்சாலைச் சரக்கில் பார்க்காததா இது?

ஐரோப்பாவில் இதற்கு வழி கண்டார்கள். அங்குள்ள சிறிய தொழில்நுட்பக் கம்பெனிகள் அமெரிக்கப் பெரும் கம்பெனிகளின் வாசலில் நிற்க வேண்டியிருந்ததால், 2022ல் டிஜிட்டல் சந்தைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2023 செப்டம்பரில் ஆல்பபெட், அமேசான், ஆப்பிள், மெட்டா, மைக்ரோசாப்ட், பைட்டான்ஸ் ஆகிய ஆறு கம்பெனிகளை வாயிற்காவலர் என்று பெயர் குறித்தார்கள். தன் தளத்தில் விற்கும் வியாபாரியின் விற்பனை விவரத்தை எடுத்து, அவருக்கே போட்டியாகச் சரக்கு இறக்கக் கூடாது. தன் சரக்கை மேலே காட்டி அடுத்தவன் சரக்கைக் கீழே தள்ளக் கூடாது. மீறினால் உலக விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ போட்டார்கள். வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை.

இங்கேயும் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு ஒன்று வந்தது. பெரிய கம்பெனிகள் முணுமுணுத்தன, வரைவு வரைவாகவே நின்றது.

ஓ.என்.டி.சி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரலில் வெள்ளோட்டம் விட்ட ஐந்து ஊர்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. நாம் ஒரு ஆப்பில் சரக்கைப் பதிந்தால், வாங்குபவர் வேறு எந்த ஆப்பிலிருந்தும் பார்க்கலாம். ஆகவே ஈரோட்டிலோ சேலத்திலோ நாலு பையன்கள் சேர்ந்து எழுதிய பில் சாப்ட்வேரும் அமேசானுக்குச் சமமாக அதில் நுழைய முடியும். யோசனை நல்ல யோசனை. ஆனால் சலுகைப் பணத்தால் ஓடிய ஆர்டர், சலுகை குறைந்ததும் குறைந்தது. சலுகையைத் தள்ளுபடிக்குக் கொட்டாமல், கடைக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்து, பழுது வந்தால் அன்றே நேரில் வரும் உள்ளூர் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

2017ல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் தமிழக வணிகர்கள். வரும் மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு நம் சங்கம் அனுப்பும் தீர்மானங்களில் இரண்டைச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். 30 சதவீத வரம்புக்கு இனி ஒரு நாளும் தவணை கூடாது. போட்டிச் சட்ட வரைவை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.