ப

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவனுக்கு மனிதர்களின் முகத்தைவிட விரல்கள்தான் பழக்கம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம். திங்கட்கிழமை காலையில் வங்கியில் கூட்டம் நெரியும். ஓவர்லாக் டெய்லரின் விரல், அயர்ன் மாஸ்டரின் விரல், சாயப்பட்டறைக்காரரின் நகக்கண்ணில் ஏறிய நீலம், எல்லாம் கண்ணாடி ஓட்டை வழியாக உள்ளே வந்து போகும். செக்கிங் வேலை பார்க்கிற ஒரு பெண், பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட நாலு நிமிசம் எடுத்துக்கொள்வார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் பழகிய கையெழுத்து அது. கூட்டம் இல்லாத ஒருநாள் கேட்டேன்: 'உங்க பேர்ல முதல் எழுத்து எதுங்க?' சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'அதெல்லாம் தெரியாதுங்ணா. மொத்தமா வரைஞ்சிருவேன்.'

முதல் எழுத்து ப. அவருக்கு அது எழுத்தே இல்லை, ஒரு கோலத்தின் ஓரம். இந்த இதழின் தலையங்கத்தை ஒற்றை எழுத்துக்கு ஒதுக்குவதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். இட ஒதுக்கீடு, வன்கொடுமை வழக்கு, உள்ளாட்சித் தேர்தல் என்று எழுதவேண்டியவை வரிசையில் நிற்கும்போது இவன் அரிச்சுவடி பேசுகிறானே என்று தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெண்ணின் மகளுக்கு ஐந்து வயது. பல்லடம் சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டில், மாலை ஆறரைக்கு மேல் நானும் இரண்டு கல்லூரி மாணவிகளும் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்பா அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்வரை பிள்ளைகள் தெருவில் நிற்காமல் இருக்க ஒரு இடம். பதினோரு பிள்ளைகள். அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் பாதிக்கு மேல். தேனி, தருமபுரிப் பக்கமிருந்து வந்த பறையர், பள்ளர் குடும்பங்கள் சில. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். இங்கிலீஷ் மீடியம் நர்சரிக்குப் போகிற இரண்டு பேர், நாலு கோடு நோட்டில் ஒரே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிவரச் சொன்ன பாடத்தோடு வருவார்கள். எழுதிக்கொண்டே தூங்கிப் போவார்கள். அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் இருப்பது எழுத்தா, கொட்டாவியா என்று யாருக்கும் தெரியாது. (ஆங்கிலம் வேண்டாம் என்று நம் சனங்களுக்குச் சொல்ல இங்கே யாருக்கும் யோக்கியதை கிடையாது. தன் பிள்ளையை கான்வென்ட்டில் விட்டுவிட்டு நமக்குத் தாய்மொழி உபதேசம் செய்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. நான் சொல்வது அந்த நோட்டைப் பற்றி மட்டும்.)

ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு எழுத்து என்று முடிவு செய்தோம். எதில் தொடங்குவது? அகர வரிசைதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆனால் ஐந்து வயதுக் கைக்கு 'அ' சுலபமான எழுத்தில்லை. சுழியும் வளைவும் கோடும் சேர்ந்து பிள்ளையை மிரட்டுகிறது. 'ட' என்றால் இறங்கி ஒரு திருப்பம், தீர்ந்தது. அதையே மேலே ஏற்றினால் 'ப'. அதோடு ஒரு சுழி சேர்த்தால் 'ம'. வடிவத்தை வைத்து இந்த வழியில் போகிற ஆசிரியர்கள் முன்பே இருக்கிறார்கள். 'ட'வில் தமிழ்ச் சொல் தொடங்காது, ஆகவே 'ப'.

எனக்கு உடனே வாயில் வந்தது பனியன். திருப்பூரில் ப என்றால் வேறென்ன? ஆளுக்கொரு பனியன் படம் வரைந்து அட்டை தயார் செய்துவிட்டேன். கவிதை எழுதுகிறவனுக்கு வருகிற அவசரம். மாணவிகளில் ஒருத்திதான் தடுத்தாள். 'அண்ணா, சொல்லிப் பாருங்க. பனியன்னு சொல்றப்ப வர்ற சத்தமும் பல்லுன்னு சொல்றப்ப வர்ற சத்தமும் ஒண்ணா?' இல்லைதான். பனியன், பஸ், பட்டன் எல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள். தொண்டை அதிரும் சத்தத்தில் தொடங்குகின்றன. பல், பஞ்சு, படி, பலகை இவற்றில் உதடு மட்டும் வெடித்துத் திறக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கம்பு என்னும்போது நடுவில் அதே எழுத்து மெலிந்து அதிர்கிறது. வளர்ந்தவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முதன்முதலாகச் சத்தத்தையும் கோட்டையும் கட்டிப்போடுகிற பிள்ளைக்கு, முதல் நாளே இரண்டு சத்தத்தைக் கொடுத்தால் முடிச்சு விழாது. பனியன் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, பல்லில் தொடங்கினோம்.

விழுந்த பல், ஆடுகிற பல், சொத்தைப் பல் என்று அன்றைக்குக் காம்பவுண்டே வாயைத் திறந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'ப' சொல்லச் சொன்னோம். காற்று கையில் இடிப்பதை உணர்ந்ததும் ஒரு பயல் விடவே இல்லை, அடுத்தவன் முகத்துக்கு நேராகப் போய் ப, ப, ப என்று வெடித்துக்கொண்டிருந்தான். மறுநாள் மணல். தட்டில் ஆற்று மணலைப் பரப்பி ஒற்றை விரலால் இறங்கு, போ, ஏறு. மூன்றாம் நாள் மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரு எழுத்து: இரண்டு பேர் விறைப்பாக நிற்க, ஒருத்தி அவர்கள் காலடியில் படுத்துக்கொள்ள, திண்ணையில் ஒரு பெரிய ப. யார் படுப்பது என்பதில் சண்டை வந்தது. எப்போதும் ஒரே பிள்ளை படுக்கக் கூடாது, முறை மாற வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ரோட்டோரம் நின்று பஸ் போர்டில் வேட்டை. பல்லடம் வந்தால் கத்தல். பெருந்துறையில் ப முன்னால் ஒரு கொம்பு இருக்கிறது, அது வேறு ஆள் என்று அவர்களே பிரித்தார்கள். திருப்பூர் என்ற பெயருக்குள்ளேயே புள்ளி வைத்த ஒன்றும் வால் வைத்த ஒன்றும் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தது அந்தச் செக்கிங் பெண்ணின் மகள்.

நான்காம் நாள் நடந்ததைத் தள்ளி வைத்திருந்தேன், இப்போது சொல்கிறேன். விரலால் தடவித் தெரிந்துகொள்ள எழுத்து வேண்டும் என்பதற்காக, கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் கொஞ்சம் வாங்கிவந்து, பட்டை பட்டையாக வெட்டி அட்டையில் ப வடிவத்தில் ஒட்டியிருந்தோம். காசு செலவில்லை, ஊருக்கே உரிய பொருள் என்று எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மகளைக் கூட்டிப்போக வந்த அந்தப் பெண் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். 'ஏனுங்ணா, நாள் முழுக்க நான் இந்த வேஸ்ட்டுலதான் உக்காந்திருக்கறேன். எம்புள்ள கையிலயும் இதையே குடுக்கறீங்களா?'

பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது.

கையால் கற்பது, செய்து கற்பது என்று எவனாவது வந்து சொன்னால் நம் சனங்களுக்குச் சந்தேகம் வருவதற்கு வரலாறு இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்து நின்றதால்தான் 1954இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. அந்தத் திட்டத்தைப் பேசியவர்களும் கைக்கும் மூளைக்கும் உள்ள உறவைப் பற்றி அழகாகத்தான் பேசினார்கள். செருப்புத் தைக்கிறவன் மகனின் கை எங்கே போய் நிற்கும் என்பதை மட்டும் பேசவில்லை. அதெல்லாம் பழங்கதை என்றால், 2022 கடைசியில் நம் பக்கத்துப் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகப் புகார் எழுந்து தலைமையாசிரியை கைதானது என்ன? 2018இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சமைத்த சத்துணவை எங்கள் பிள்ளைகள் தின்னாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்களே, அது என்ன? பள்ளிக்கூடத்துக்குள் நம் கைகளுக்கு என்ன வேலை என்பதில் இந்த ஊர் தெளிவாகத்தான் இருக்கிறது.

ஆகவே நான் கையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்தக் கை எதை நோக்கிப் போகிறது என்று கேட்கச் சொல்கிறேன். தொழிலுக்குத் திரும்புகிற கை வேறு, எழுத்துக்குப் போகிற கை வேறு. வேஸ்ட் அட்டைகளை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி வெட்டி ஒட்டினோம். அது நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்சோவில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய வீட்டுப் பள்ளியில் பழகிய முறை. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவரைக் கெடுக்கிறார்களே என்பது கட்டட முதலாளிகளின் கவலை; அதற்காகத்தான் அவருக்கு இடம் கொடுத்தார்கள். உப்புத்தாள் எழுத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே பிள்ளை சத்தத்தைச் சொல்லும். அந்த அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்தார், போர் முடியும்வரை இந்தியாவில்தான் இருந்தார். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளின் போர்டில் தொங்குகிறது. திரும்ப எடுத்துக்கொள்வதில் நமக்குக் கூச்சம் எதற்கு?

மணல் விசயமும் அப்படித்தான். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். மணலின் பெருமை பேசுகிறவர்கள், மணல் கொட்டிய திண்ணையில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைப் பேசுவதில்லை. 1894இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தனியாகத் திறக்க வேண்டி வந்தது ஏன் என்று யோசித்தால் போதும்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. எம்.சி. ராஜாவைச் சட்டமன்ற உறுப்பினராக, அம்பேத்கரோடு ஒருகட்டத்தில் முரண்பட்டவராக மட்டுமே படித்திருக்கிறோம். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து 1930இல் 'கிண்டர்கார்ட்டன் ரூம்' என்று சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டப் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர். அரசியல் வேலைகளுக்கு நடுவே நாலு வயதுப் பிள்ளை கையை எப்படி அசைக்கும் என்று உட்கார்ந்து யோசிக்க அந்த மனிதருக்கு நேரம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் இல்லை.

இன்னொரு ப. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்தபோது அம்மா, ஆடு என்று தொடங்கவில்லை, பட்டா என்று தொடங்கினார்கள். ப, ட, ஒரு புள்ளி, ஒரு துணைக்கால், இவ்வளவு தெரிந்தால் எழுதிவிடலாம். தெரிந்தபின் அந்தச் சொல் ஆளைச் சும்மா விடாது. 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் பட்டா யார் பெட்டியில் இருக்கிறது என்று கேட்கவைக்கும். அதைக் கேட்டதற்குத்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே செய்ததும் இதுவே, உழைக்கிறவர் வாயில் புழங்கும் சொல்லை எடுத்துப் பிளந்து எழுத்தைக் காட்டுவது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் பட்டாவைச் சுமத்த நான் சொல்லவில்லை. அதற்குப் பல் போதும். அதன் அம்மாவுக்கு?

மொழி பற்றி ஒன்று. நம் அருந்ததியர் வீடுகளில் பலவற்றில் தெலுங்கு, சிலவற்றில் கன்னடம். பூனைப் படத்தைக் காட்டினால் ஒரு பிள்ளை 'பில்லி' என்கிறது. அரிச்சுவடிப்படி அது தப்பு. ஆனால் பாருங்கள், பில்லியிலும் ப சத்தம்தானே இருக்கிறது! பால் அங்கே பாலு, பாம்பு அங்கே பாமு. கன்னட வீட்டில் பால் ஹாலு ஆகிவிடுகிறது, அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ஒடிசாப் பையன் தண்ணீரைப் பாணி என்கிறான், அவனுக்கும் ப கிடைத்துவிட்டது. வீட்டு மொழியைத் தப்பு என்று அடிக்காமல் அதிலிருந்தே எழுத்தைக் கறக்க முடியும். 'ப' சுவரில் பூனைக்குக் கீழே பில்லி என்று எழுதி ஒட்டிய அன்றைக்கு அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை ஏழு சொல் சொன்னது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அட்டைகளும் பாட்டும் பொம்மையும் பள்ளிக்கு வந்தன. நான் கேட்கிற கேள்வி, அட்டை வந்த வகுப்பில் நம் பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, குழு பிரித்தால் அதன் கையை யார் பிடிக்கிறார்கள் என்பது. இதைப் போய்ப் பார்க்க நம் இயக்கங்களில் யாருக்கும் நேரமில்லை. முதல் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது நம் மேடைகளில் கௌரவக் குறைச்சல். கல்லூரிக்கு வந்த பிறகுதான் அதை மாணவர் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். வராமல் போன பிள்ளையை நான் திங்கட்கிழமை கவுண்டரில் பார்க்கிறேன், மையோடு கட்டைவிரலை நீட்டிக்கொண்டு.

போன வாரம் அந்தப் பெண் பணம் எடுக்க வந்தபோது மகளும் கூட வந்திருந்தாள். கவுண்டர் அவளுக்கு எட்டவில்லை, அம்மா தூக்கிப் பிடித்தார். சீட்டில் அம்மாவின் கையெழுத்தில் விரலை வைத்து, இறங்கி, போய், ஏறி, 'ப' என்றாள். அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பின்னால் ஒருவர் இருமினார்.

அடுத்த வாரம் 'ம'. உப்புத்தாள் வெட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை ஆள் வேண்டும். கத்தரிக்கோல் இருக்கிறவர்கள் எடுத்து வாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன. தெலுங்கு, கன்னடம், ஒடியா பேசத் தெரிந்த தோழர்கள் ம-வில் தொடங்கும் வீட்டுச் சொற்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.