சவுண்டல் விதைப்போர் கவனத்திற்கு



மழைக்காலம் நெருங்கினால் ஈரோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வெள்ளாடு வளர்ப்போர் சவுண்டல் விதையைத் தேடுவர். சூபாபுல் என வழங்குவதும் இம்மரமே. சிறிதளவு மானாவாரி நிலத்தையும் சில ஆடுகளையும் நம்பி வாழும் குடும்பத்திற்குக் கோடையில் கிடைக்கும் பசுந்தழை பெருஞ்செல்வம். ஆதலின் இம்மரத்தை எளிதில் இகழ்தல் முறையன்று. ஆயினும், இதனை வளர்க்கக் கற்போர் அடக்கவும் கற்றல் வேண்டும்.

சவுண்டலின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவுமாகும். ஸ்பானியர் கப்பல்களில் அது பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தது. 1970களில் தீவனம், விறகு, தழையுரம் ஆகிய மூன்றையும் தரும் அதிசய மரம் என உலகெங்கும் போற்றப்பட்டது. அதே மரம் இன்று, உலகில் மிகுந்த கேடு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. விரைந்து வளர்தல், வறட்சியைத் தாங்குதல், வெட்ட வெட்டத் துளிர்த்தல், ஏராளமாக விதைத்தல் ஆகிய பண்புகளே அதன் புகழுக்கும் பழிக்கும் காரணம்.

இதன் விதையுறை மிகக் கடினமானது. அப்படியே ஊன்றினால் பல விதைகள் முளையா. 80 டிகிரி சூடுள்ள நீரில் 4 நிமிடம் விதைகளை இட்டு எடுத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைப்பர். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். பிற்காலத்தில் பிற செடிகளை நெருக்கும் இம்மரம், முதல் சில மாதங்களில் மெலிந்த குழந்தையைப் போன்றது. அப்போது களை எடுத்து, ஆடுகள் மேயாமல் காத்தல் வேண்டும். ஏறத்தாழ ஆறு மாதத்திற்குப்பின் ஒரு மீட்டர் உயரத்தில் முதல் வெட்டு வெட்டலாம்.

தழையை அளவறிந்து இடுக. இதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்தால் கால்நடைகளுக்கு முடி உதிரும். ஆடுமாடுகளின் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம். குதிரை, பன்றி, முயல் ஆகியவற்றுக்கு இதனைத் தவிர்ப்பதே நன்று. அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குவோர் இதை நினைவிற் கொள்க.

இனி, தலையாய கடமை ஒன்று உண்டு. வெண்பந்து போன்ற பூக்கள் தட்டையான காய்களாகி முற்றுமுன் கிளைகளை வெட்டிவிட வேண்டும். தவறாமல் தழை வெட்டும் வீட்டில் மரம் காய்ப்பதற்கே காலம் இராது. கவனிப்பாரற்று விடப்பட்ட மரமோ ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பிறகும் முளைக்கும். ஆகவே வாய்க்கால் கரை, ஓடை, புறம்போக்கு, மலைக்காட்டின் ஓரம் ஆகிய இடங்களில் இதனை விதைக்கலாகாது. காலிங்கராயன் வாய்க்கால் நீரில் ஒருவர் விட்ட விதை, முன்பின் அறியாத மற்றொருவர் வயலில் கரையேறும்.

சீமைக் கருவேல் நமக்குப் போதிய பாடம் கற்பித்துள்ளது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்றே 19ஆம் நூற்றாண்டில் அதைக் கொண்டுவந்தனர். அதை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிடும் நிலை வந்தது. அது பரவிய மேய்ச்சல் நிலத்தில் புல் குன்றியது. இழந்தவர்கள் பெரும்பாலும் ஏழை ஆட்டுக்காரர்களே.

தழைக்கு அகத்தியும், வேலிக்குக் கிளுவையும், நிழலுக்கு வெள்வேலும் நம் முன்னோர் பழகியவை. அவை போதுமாயின் அவற்றையே வளர்க்கலாம். போதாமற் சவுண்டல் விதைப்போர், விதையை எடுக்கும் கையில் அரிவாளையும் ஏந்த வேண்டும். கோடையில் நம் ஆடு பசியாறுவதோடு, பக்கத்து நிலத்துக்காரரின் பிள்ளைகளுக்கும் நல்ல நிலம் எஞ்சியிருக்கட்டும்.