‘கிளீன்’ என்னும் கறை



மார்கழி முடியும் தறுவாயில் காப்புக்கட்டு நாள் நெருங்குங்கால் கொங்குநாட்டு வீடுகளில் கைகள் ஓய்வதில்லை. ஒட்டடை அடிப்பர், சுவருக்கு வெள்ளை பூசுவர், போசிகளைத் துலக்குவர், வாசலைச் சாணமிட்டு வழிப்பர், பிறகே வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் கூரையிற் செருகுவர். இவ்வினைகள் அனைத்திற்கும் இன்று எம் காரமடைத் தெருக்களில் வழங்கும் சொல் ஒன்றே. ‘வீடு கிளீன் பண்றோமுங்க!’ நான்கு வினைகளை விழுங்கிவிட்டு ஓர் அயற்சொல் அமர்ந்திருக்கின்றது. அதுவும் தன் காலில் நில்லாது. ‘பண்ணு’ என்பதன் தோளைப் பற்றிக்கொண்டே நிற்கும்.

தமிழனுக்குத் தூய்மை செய்யச் சொல் இல்லையா? எண்ணிப் பாருங்கள். கையைக் கழுவுகிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம், துணியைத் துவைத்து அலசுகிறோம், மேசையைத் துடைக்கிறோம், தரையை மெழுகுகிறோம், குளத்தைத் தூர் வாருகிறோம், கீரையை ஆய்கிறோம். களத்தில் நெல்லைத் தூற்றுகிறோம், முறத்தில் புடைக்கிறோம், கொழிக்கிறோம், நாவுகிறோம், சல்லடையில் சலிக்கிறோம், உலையில் இடுமுன் அரிசியைக் களைகிறோம். ஒவ்வொரு சொல்லும் ஒரு கையசைவு; ஒவ்வொரு கையசைவும் ஓர் அறிவு. ‘அரிசியைக் கிளீன் பண்ணு’ என்று தாய் ஏவினால் மகள் என்ன செய்வாள்? புடைப்பாளா? கல் நாவுவாளா? நீரில் களைவாளா? சொல் போயிற்று, அதனோடு ஏவலின் பொருளும் போயிற்று.

நம் வீட்டு மூலையில் கிடக்கும் சீமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீத்தல் என்பது பெருக்கி அகற்றுதலைக் குறிக்கும் பழந்தமிழ் வினை. சீக்கும் மாறு சீமாறு. பேச்சில் அவ்வினை மறைந்தது. ஆயின் கொங்கு வேளாளத்தி கையில் அதன் பெயர் இன்றும் உயிரோடிருக்கின்றது. கூட்டுதல், பெருக்குதல் என்பனவோ இன்னும் வியப்பானவை. குப்பையை ஒன்றுசேர்க்கும் அச்சொற்களே கணக்கிலும் கூட்டலாய், பெருக்கலாய் நிற்கின்றன. வாசல் பெருக்கும் சிறுமியின் வாயிலேயே கணக்குப் பாடம் இருந்தது. அதைப் பிடுங்கியவர் யார்? ஆங்கிலேயன் அல்லன், நாமே!

ஆங்கிலத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. அம்மொழியினர் தம் மொழியில் கழுவுதற்கும், துடைத்தற்கும், பெருக்குதற்கும், தேய்த்தற்கும், அலசுதற்கும் வெவ்வேறு சொற்களைப் பேணி வைத்துள்ளனர். அவர்தம் ‘கிளீன்’ பொதுச்சொல். நம் வாயிலோ அதுவே ஒரே சொல். செருமானியத்தில் ‘சிறிய’ எனப் பொருள்படும் ‘கிளைன்’ என்பதும் இதுவும் ஒருவேர்ச் சொற்கள்; ஒளிர்தல் என்பதே அவற்றின் பழம்பொருள் என்பர். நம் துலக்குதலும் விளக்குதலும் அதே ஒளிக்கருத்தில் பிறந்தவையே. நம்மிடம் இருந்ததை எறிந்துவிட்டு அதனையே அயலானிடம் இரந்து நிற்பது பேதைமையன்றோ! மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்கு வரும் சரக்குந்தைப் பாருங்கள். மூட்டை எண்ணி, தார்ப்பாய் கட்டி, சக்கரத்திற்குக் கட்டை வைத்து, இரவெல்லாம் ஓட்டுநர்க்குத் துணையிருக்கும் இளைஞனுக்குப் பெயர் ‘கிளீனர்’! செய்யும் தொழிலுக்கும் சூட்டிய பெயர்க்கும் என்ன உறவு?

‘கிளீன் வேண்டா, சுத்தம் என்போம்’ என்பாரும் உளர். அதுவும் வடசொல்லே. ஒரு கறையை மற்றொரு கறையால் துடைக்க இயலாது. தூய்மை என்னும் சொல்லை வள்ளுவர் நமக்கு ஈந்து சென்றார். புறத்தூய்மையை நீருக்கும் அகத்தூய்மையை வாய்மைக்கும் உரித்தாக்கினார்.

அவ் வாய்மையைப் பற்றியே இனிக் கூறவேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவன் அடிக்கடி பள்ளிக்கு வாரான். வினவினேன். ‘அப்பா டேங்கு கிளீன் பண்ணப் போறாருங்க ஐயா, நானும் கூடப் போனேனுங்க’ என்றான். மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி என்றெண்ணி, ‘படிப்பை விடாதே’ என்று மட்டும் சொல்லி அமர்த்தினேன். அது மலக்குழி என்பதை நான் அறியப் பல திங்கள் ஆயின. மலம் அள்ளுதல் என்று அச்சிறுவன் சொல்லியிருந்தால் என் நெஞ்சு நடுங்கியிருக்கும். அன்றே அவன் வீட்டுக்கு ஓடியிருப்பேன். ‘கிளீன்’ என்னும் வழுவழுப்பான சொல் என் காதையும் மூடியது, கண்ணையும் மூடியது. தமிழ் கற்பிக்கும் நானே ஏமாந்தேன்.

இவ்வேமாற்று என்னோடு நிற்கவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், 2013-இல் மற்றொரு சட்டமும் வந்தன. குழியில் நச்சுவளி தாக்கி இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா வழங்குமாறு 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலக்கமாக உயர்த்தியது. சாவு நின்றிருப்பின் உயர்த்த வேண்டிய தேவை என்னை? 2020-இல் தமிழ்நாட்டரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கிற்று. பெயர் நன்று, வரவேற்கிறோம். ஆயின் பெயர் மாறியதும் குழி மூடிக்கொள்ளுமா? இன்றும் வீட்டுக்காரர் ‘டேங்கு கிளீனிங்குக்கு ஆள் வேண்டும்’ என்றே கேட்கிறார். ‘மலக்குழிக்குள் ஒரு மகனை இறக்க வேண்டும்’ என்று கேட்க அவர் நா எழுமா? எழாது! நா எழாத வினையைக் கையும் செய்யலாகாது. அதற்குரியது பொறியே என்று அப்போதே தோன்றியிருக்கும்.

‘மொழி ஓர் ஆறு; எது கலந்தால் என்ன?’ என்பார் சிலர். ஆற்றில் எது கலந்தால் என்ன ஆகும் என்பதை நொய்யற் கரையில் வாழ்வோரிடம் கேட்டுப் பாருங்கள்!

ஆகலின், உடன்பிறந்தீர்! வருகின்ற காப்புக்கட்டுக்கு முன் ஒரு பணி செய்ம்மின். உங்கள் பாட்டியை அமர்த்தி, அவர் கை செய்யும் ஒவ்வொரு தூய்மை வினைக்கும் பெயர் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளை அச்சொற்களாலேயே ஏவுங்கள். எவரேனும் ‘கிளீன்’ என்றால், ‘எதை? எவ்வாறு? யார் கையால்?’ என்று மூன்று வினா எழுப்புங்கள். மூன்றுக்கும் விடை சொல்லும் மொழி தமிழ். அதனைத் துலக்குவோம், அதன் ஒளியில் மாந்தனைக் காண்போம்.

வெல்க தமிழ்!