நல்லெண்ணம் மட்டும் போதுமா?

இலங்கையிலே கலைப்பீட மாணவரொருவர் சமூகப்பணியைக் கற்று அதனையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகக் கூறுவாராயின், அவருக்கு இருவகை மறுமொழிகள் கிடைக்கின்றன. “இதற்கொரு பட்டம் வேண்டுமா? நல்ல மனம் இருந்தாற் போதுமே” என்பது ஒன்று. “படித்து முடித்தால் அரசாங்க உத்தியோகம் கிடைக்குமா?” என்பது மற்றையது. முன்னையது சமூகப்பணியைத் தருமமாகக் காண்கின்றது. பின்னையது அதனை நியமனக் கடிதமாகக் காண்கின்றது. இவை தம்முள் முரண்பட்டனபோலத் தோன்றினும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. அப்பணியிற் கற்றுத் தேறவேண்டிய அறிவு எதுவுமில்லை என்பதே அவ்வுடன்பாடு. பல்கலைக்கழகங்களும் நெடுங்காலம் இதற்கு உடந்தையாயிருந்தன என்பதே வருந்தத்தக்கது.

வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1940களின் இறுதியிலேயே இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியலுக்கு இடம் கிடைத்துவிட்டது. சமூகப்பணிப் பயிற்சியோ 1952 ஆம் ஆண்டு கொழும்பிலே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே, தனி நிறுவகமொன்றில் ஆரம்பமாயிற்று. பின்னர் அது அரசின் பொறுப்பில் வந்து, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் வழித் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. சமூகப்பணி இளமாணிப் பட்டநெறி அங்குத் தொடங்கியது 2005 ஆம் ஆண்டிலாகும். முதற் பயிற்சிக்கும் முதற் பட்டநெறிக்கும் இடையே 53 ஆண்டுகள்! பம்பாயில் 1936 ஆம் ஆண்டிலேயே பட்டதாரிகளுக்கென ஒரு சமூகப்பணிக் கல்லூரியை டாட்டா அறக்கட்டளையினர் நிறுவியிருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. வறுமையை ஆராய்பவர் பல்கலைக்கழகத்தின் உள்ளே, வறியவரோடு பணியாற்றுபவர் வெளியே என்ற இப்பிரிவினை தற்செயலானதன்று. மூளையுழைப்பை மேலாகவும் கையுழைப்பைக் கீழாகவும் வைக்கும் சாதிய மனப்பாங்கு, அறிவுலகிலும் தனக்கொரு வேலி இட்டுக்கொண்டது.

இதற்குரிய விலையை மக்களே கொடுத்தனர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றபோது, சமூகப்பணியில் ஒரு பட்டநெறிதானும் நாட்டிலே தொடங்கியிருக்கவில்லை. கரையோர முகாம்களிலும், 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின் வன்னி மக்கள் தங்கவைக்கப்பட்ட முகாம்களிலும், உதவ வந்தோர் பலர். அவர்தம் நல்லெண்ணம் ஐயத்துக்குரியதன்று. ஆயினும் வினாக்கொத்துடன் வந்தோரும், சில நாட் பயிலரங்கிலே சான்றிதழ் பெற்று உளவளத்துணையாளராக மாறியோரும் அவருள் இருந்தனர். பிள்ளையை இழந்த தாய் அவ்விழப்பை வந்தவரிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது. திட்டத்தின் காலம் முடிந்ததும் கேட்டவர் போய்விட்டார். கிளறிவிடப்பட்ட துயரம் அங்கேயே நின்றது. பயிற்சியற்ற பரிவும் காயப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கற்கவேண்டியது யாது எனக் கேட்போருக்கு ஓர் உதாரணம் காட்டலாம். கிராமமொன்றிலே பதின்மூன்று வயதுச் சிறுவன் பாடசாலைக்கு வராது நிற்கின்றான் எனக் கொள்க. நல்ல மனம் படைத்தவர் அவனுக்குப் புத்தகப்பையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பார். படமும் எடுக்கப்படும். அடுத்த மாதம் அவன் மீண்டும் வரமாட்டான். பயிற்றப்பட்ட சமூகப்பணியாளரோ அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பொறுமையோடு கேட்டு, தாய் நுண்கடன் தவணைக்காகக் கூலிவேலைக்குப் போவதையும், கைக்குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு அவன்மீது விழுந்திருப்பதையும் கண்டறிவார். அவனுக்கு வேண்டியது பையன்று. தங்கைக்குப் பகல்நேரப் பராமரிப்பும் தாய்க்குக் கடன் மீட்சியுமே. அதிபருடனும் பிரதேச செயலகத்துடனும் அவர் அக்குடும்பத்துக்காகப் பேசுவார்; கேட்டறிந்தவற்றுள் மறைக்கவேண்டியதை மறைத்துக் காப்பார். அமெரிக்கரான மேரி றிச்மண்ட் 1917 ஆம் ஆண்டிலே தமது நூலுக்குச் ‘சமூக நோயறிதல்’ எனப் பொருள்படும் பெயரை இட்டது காரணமின்றியன்று. நோயறியாது மருந்து கொடுப்பவரை வைத்தியர் என்று எவரும் சொல்வதில்லை.

தொழில்வாய்ப்பு இல்லை என்பதும் பொருந்தாக் கூற்றே. 1944 ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் முதற்கொண்டு அரசு இத்தகையோரை வேண்டியே வந்துள்ளது. நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், வைத்தியசாலை உளநலப் பிரிவின் சமூகப்பணியாளர் எனப் பதவிகள் பலவுள. சிறைச்சாலை, முதியோர் இல்லம், தோட்டப்புறம், தொண்டு நிறுவனங்கள் எனக் களங்களும் பலவுள. இல்லாதது தொழிலன்று, அத்தொழிலுக்கு இக்கல்வியே தகுதி என்னும் விதிதான். பட்டதாரிப் பயிலுநர் திட்டங்களின் வழி வந்த எவரையும் மக்கள் துயரைக் கேட்கும் மேசையில் அமர்த்தலாம் என எண்ணப்படுகின்றது. இங்கிலாந்திலே 2005 ஆம் ஆண்டு முதல் பதிவுபெற்றவரன்றி வேறெவரும் சமூகப்பணியாளர் என்னும் பெயரைத் தாங்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பெயருக்கே காப்பளிக்கும் நாடுகள் இருக்க, பணிக்கேனும் காப்பு வேண்டாமா?

“பல்கலைக்கழகம் சிந்தனைக்குரிய இடம், பயிற்சிக்கூடம் அன்று” என்பாரும் உளர். மருத்துவபீட மாணவர் விடுதிகளிலே நோயாளரிடம் கற்பதனாற் பல்கலைக்கழகத்தின் மாண்பு குறைந்துவிட்டதா? களப்பயிற்சியற்ற சமூகப்பணிக் கல்வி, கரையிலிருந்து கற்ற நீச்சலே. தகுதிவாய்ந்த மேற்பார்வையாளர் போதாமையும் பணமின்மையும் உண்மையான இடர்கள். ஆயின் அவை படிப்படியாக நீக்கவேண்டியவை. துறையையே மறுப்பதற்கு நியாயமாகா. சமூகவியற் பாடத்தின் பெயரை மாற்றி, மூன்று வினாத்தாள்களைச் சேர்த்து, சமூகப்பணிப் பட்டம் எனக் கொடுப்பது அதனினும் கேடு. அது வேலையற்ற பட்டதாரிகளின் வரிசையை நீட்டுமேயன்றி வேறொன்றும் செய்யாது.

இக்கல்வி தமிழிலும் செம்மையாக நிகழவேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவே இருத்தித் தன் வீட்டுத் துயரைச் சொல்லும் பெண், பாதியை விழுங்கிவிடுவாள். அவள் சொல்வதையும், சொல்லாது விடுவதையும், ‘மனம் சரியில்லை’ என்ற இரு சொற்களுள் அடக்குவதையும் விளங்கிக்கொள்பவர் அவள் மொழியிலேயே பயின்றவராதல் வேண்டும்.

மேற்பார்வையுடன் கூடிய நீண்ட களப்பயிற்சி, தாய்மொழியிற் போதனை, உரிய பதவிகளுக்கு இக்கல்வியையே தகுதியாக்கும் நியமன விதி ஆகிய மூன்றையும் பல்கலைக்கழகச் சமூகம் ஒருமித்த குரலிற் கோரவேண்டும். இக்கோரிக்கை மாணவரின் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் எழுவதன்று. அடுத்த வெள்ளமோ மண்சரிவோ வரும்போது, முகாமின் வாயிலில் நிற்கும் தாயிடம் செல்பவர் எத்தகையவராயிருப்பார் என்பதே இங்குள்ள வினா. நல்ல மனம் அவருக்கு வேண்டும். அதனோடு, அந்த மனத்துக்கு வழிகாட்டும் கல்வியும் வேண்டும்.