ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு தூரமா?

குட்டீஸ்! ஒரே ஒரு வேளை சாப்பாட்டுக்காக, நாள் முழுக்க ரயிலில் இடிபட்டுக்கொண்டு போவீர்களா? சீனாவில் போகிறார்களே!

சீனப் புத்தாண்டை, 'வசந்த விழா' என்பர். நிலாவை வைத்துக் கணக்கிடுவதால், ஜனவரி 21க்கும், பிப்ரவரி 20க்கும் இடையே ஏதாவது ஒரு நாளில் வரும். அதையொட்டி, 40 நாட்கள் ரயிலிலும், பஸ்சிலும் கூட்டமோ கூட்டம்!

எல்லாம் எதற்கு? புத்தாண்டுக்கு முந்தின இரவு, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடத்தான்.

அதற்கு முன்பே வீட்டை ஒட்டடை அடித்து, வாசலில் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதி ஒட்டி விடுவர். புத்தாண்டு அன்று மட்டும் துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். வந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியது போலாகி விடுமாம்!

விருந்தில் மீன் முக்கியம். சீன மொழியில் மீனுக்கும், மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு, 'யூ!' அதனால், பல வீடுகளில் மீனைக் கொஞ்சம் மிச்சம் வைப்பர். வட சீனாவில் குடும்பமே சேர்ந்து, 'ஜியாவோஸி' என்ற கொழுக்கட்டை பிடிக்கும். ஒன்றில் மட்டும் காசை ஒளித்து வைப்பதும் உண்டு. அது யாருக்குக் கிடைக்கிறதோ, அவருக்கு அந்த வருஷம் யோகம்! பெரியவர்கள், பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் தருவர்.

'அந்தப் பணத்தை மொபைல் போனிலேயே அனுப்பலாமே... வீடியோவில் முகத்தையும் பார்க்கலாமே... எதற்கு இந்த அலைச்சல்?' என்று சிலர் கேட்கலாம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சீனக் கிராமங்களில், லட்சக்கணக்கான குழந்தைகள் தாத்தா, பாட்டியிடம் வளர்கின்றனர். அப்பாவும், அம்மாவும் தொலைதூர நகரத்தில் வேலை செய்கின்றனர். பலருக்கு, ஊருக்கு வர இந்தப் பண்டிகையை விட்டால் வேறு வழியில்லை. போனில் பணம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடிக்கச் சொல்லித்தர அம்மா வருவாரா?

அந்த விருந்து நாளையும், 2025 முதல் அரசு விடுமுறைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றனர். நல்ல காரியம்! இன்னும் சில நாட்கள் கூட்டிக் கொடுத்தாலும் தப்பில்லை என்பேன்.

சீனாவின் பல நகரங்களில் பட்டாசுக்குக் கட்டுப்பாடு உண்டு. பட்டாசு இல்லாமலும் புத்தாண்டு வருகிறது. ஆனால், சாப்பாட்டு மேஜையில் அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தால், அந்தக் குழந்தைக்கு அது பண்டிகையா? நீங்களே சொல்லுங்கள் குட்டீஸ்!